கந்தரோடைக் கல் யாருடையது?

எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு நான்கு நாட் கல்விச் சுற்றுலா ஒன்று போய்வந்தோம். முதல் நாள் கந்தரோடையும் வல்லிபுரமும். இரண்டாம் நாள் நயினாதீவு. பின்னர் அநுராதபுரம், பொலன்னறுவை. திரும்பும் வழியில் திருகோணமலை. பௌத்த விகாரைகளையும் பழைய நகரங்களையும் பார்த்து வருவதற்குத் தமிழ்ப் பிள்ளைகளை ஏன் கூட்டிச் செல்லவேண்டும் என்று பெற்றோரிற் சிலர் கேட்டனர். அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. விரிவான விடையை இங்கே எழுத விரும்புகிறேன். ஏனெனில் இது ஒரு பாடசாலையின் கேள்வி மட்டுமன்று.

சுன்னாகத்துக்கு மேற்கே, பனைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே, வேலியிட்ட ஒரு காணியில், கவிழ்த்த கிண்ணங்கள் போல வரிசை வரிசையாகக் கிடக்கின்றன கந்தரோடைத் தூபிகள். அநுராதபுரத்துத் தூபிகளைப் படத்திற் பார்த்திருந்த மாணவர்களுக்கு இவற்றின் சிறுமை வியப்பளித்தது. ஆள் உயரத்தைத் தாண்டாதவையும் பல உள. இவை செங்கல்லாற் கட்டப்பட்டவையல்ல. எங்கள் மண்ணிற் கிடைக்கும் முருகைக் கல்லாலானவை. நாங்கள் போன சமயம் தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர் கூட்டமொன்றும் அங்கே நின்றது. அவர்களுடைய வழிகாட்டி சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுடன் வந்த ஆசிரியர் ஒருவர் அதைத் தமிழாக்கிச் சொன்னார்: இவையெல்லாம் சிங்கள மக்கள் கட்டியவை, பின்னர் வந்த தமிழர் இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டனர். அதைக் கேட்டதும், எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் சினந்து, “இதெல்லாம் பிறகு கொண்டுவந்து வைச்ச கல்லுகள். யாழ்ப்பாணத்திலை புத்த சமயம் ஒருநாளும் இருந்ததில்லை” என்றார்.

இரண்டு கூற்றும் பிழை. ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பௌத்தன் என்றாற் சிங்களவன், தமிழன் என்றாற் சைவன் என்று இரு தரப்பாரும் முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, அதன் பின்னரே கல்லைப் பார்க்கின்றனர்.

திரும்பி பஸ்ஸில் ஏறும்போது மாணவனொருவன் என்னருகே வந்தான். அவனுடைய வீடு அப்பகுதியிலேதான் இருக்கிறது. தாளிற் சுற்றிய ஓட்டுத் துண்டொன்றைக் கையில் வைத்திருந்தான். “சேர், எங்கட தோட்டத்திலை கிணறு கிண்டேக்கை இப்பிடி ஓடு கனக்க வந்தது. ஒருத்தருக்கும் சொல்லாதை, சொன்னா காணி போயிடும் எண்டு அப்பு சொன்னவர். மற்றதெல்லாத்தையும் திரும்ப மண்ணுக்கை போட்டு மூடிப்போட்டினம்” என்றான். பின்பு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “சேர், இது எங்கடையோ, அவையின்ரையோ?”

அந்த ஓட்டுத் துண்டின் உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் என்று தொல்லியலார் அழைப்பது அதுவே. தன் பாட்டன்மார் சமைத்துண்ட சட்டியின் துண்டைக் கண்டு ஒரு குடியானவன் அஞ்சுகிறான். அதனை மண்ணுக்குள் மறைக்கிறான். சரித்திரம் ஒரு மக்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை அளிக்க முடியுமா? அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை தேடுவதாகவே எங்கள் மீதிப் பிரயாணம் அமைந்தது.

முதலில், கந்தரோடை பற்றி ஆராய்ச்சியாளர் கண்டவற்றைப் பார்ப்போம். சிவில் சேவை அதிகாரியாகவிருந்த போல் பீரிஸ் 1917-ஆம் ஆண்டளவில் இவ்விடத்தை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டார். தூபிகளோடு பழைய முத்திரை நாணயங்களும் உரோம நாணயங்களும் அங்கே கிடைத்தன. 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, தூபிகளின் காலத்துக்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்கள் வெளிப்பட்டன. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் அவற்றுள் முக்கியமானவை. இத்தகைய மட்பாண்டம் ஆதிச்சநல்லூரிலும் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் உண்டு. புத்தளத்துப் பொம்பரிப்பிலும் அநுராதபுரத்து அடிமண்ணிலும் உண்டு. 1980-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழாய்வில், பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் ‘கோ’ என்று தொடங்கும் சொல் உளதென அறிஞர் வாசித்தனர்.

இவற்றால் விளங்குவது யாது? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே வகை மட்பாண்டம் வனைந்து, இறந்தோரை ஒரே முறையில் அடக்கஞ் செய்த மக்கள் வாழ்ந்தனர். அம்மக்களிடையே பௌத்தம் வந்தது. வடக்கிலிருந்தவர்களிற் பலர் காலப்போக்கில் தமிழராயினர். தெற்கிலிருந்தவர்களிற் பலர் சிங்களவராயினர். மொழியும் சமயமும் மக்களின் மேல் மெல்ல மெல்லப் படிந்தவை. கப்பலில் வந்து இறங்கிய இரு முழு இனங்கள் என்ற கதை, வாய்பாட்டுக்கு வசதியானது, மண்ணுக்கு ஒவ்வாதது.

வல்லிபுரத்தில் 1936-இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. அநுராதபுரத்தில் வசப மன்னன் ஆண்ட காலத்தில், கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, நாகதீவை அமைச்சனொருவன் நிருவகித்தபோது இங்கு விகாரையொன்று கட்டப்பட்டதென அது கூறுகிறது. அதன் மொழி பிராகிருதம். அவ்விடத்திற் கிடைத்த புத்தர் சிலையொன்றை, 1906-இல் ஆங்கிலத் தேசாதிபதி ஹென்றி பிளேக் சீயம் நாட்டு மன்னருக்குப் பரிசாக அனுப்பிவிட்டார். வல்லிபுரத்து மணலில் நின்று நான் இதைச் சொன்னபோது, “எங்களைக் கேட்டோ குடுத்தவர்?” என்று ஒரு மாணவி வினவினாள். நல்ல கேள்வி. ஆண்டவர்கள் சரித்திரச் சின்னங்களைத் தம் சொந்தச் சொத்தாக எண்ணுவது அன்றே தொடங்கிவிட்டது.

இரண்டாம் நாட் காலை குறிகட்டுவானில் படகேறினோம். எங்கள் படகில் விகாரைக்குப் போகும் சிங்களத் தாய்மாரும், நாகபூஷணி அம்மனிடம் போகும் தமிழ்த் தாய்மாரும் நெருங்கி அமர்ந்திருந்தனர். கையில் வெண்டாமரை வைத்திருந்த கிழவி ஒருத்தி, அலையில் அஞ்சிய எங்கள் மாணவியின் கையைப் பற்றிக்கொண்டாள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. இருந்தும் தீவு வரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

நாகதீவில் மணியாசனத்திற்காகப் போரிட்ட இரு நாக அரசர்களைப் புத்தர் வந்து சமாதானஞ் செய்தார் என்பது மகாவம்சம் சொல்லும் கதை. மணிபல்லவத்தில் ஆசனத்திற்காகப் பொருத இரு நாக மன்னர்க்குப் புத்தர் அறமுரைத்தார் என்பது மணிமேகலை சொல்லும் கதை. பாளி நூலும் தமிழ்க் காப்பியமும் ஒரே பழங்கதையைப் போற்றி வைத்துள்ளன. மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கதை பொதுவானது என்பதில் வேற்றுமைக்கு இடமில்லை. அக்கதையின் பொருளையும் நோக்குக. ஓர் இருக்கைக்காக உறவினர் இருவர் வெட்டி மடிய முற்பட்டனர். அந்த இருக்கை இருவருக்கும் கிட்டவில்லை.

நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. அதைப் பொறிப்பித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. காலம் 12-ஆம் நூற்றாண்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கை அரச பண்டாரத்துக்கு எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும் என்றும், வேறு பண்டங்களாயின் சரிபாதி பகிரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. சிங்கள மக்கள் இன்றும் போற்றும் மாமன்னன், வடக்கின் துறைமுகத்துக்குத் தமிழிற் சட்டம் எழுதினான். மக்களுக்கு விளங்கும் மொழியிலேயே அரசின் கட்டளை இருக்கவேண்டும் என்ற எளிய உண்மை அவனுக்குத் தெரிந்திருந்தது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியோருக்கு அது தெரியவில்லை.

மூன்றாம் நாள் அநுராதபுரம். அபயகிரிக்கு அண்மையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமிச் சாசனம் ஒன்று உண்டு; பரணவிதான அதனை 1940-இல் வெளியிட்டார். தமிழ் இல்லறத்தாரின் மண்டபம் அது எனவும், அதனைச் சமணன் என்னும் தமிழன் ஒருவன் செய்வித்தான் எனவும் அது தெரிவிக்கிறது. அங்கே யார் யாருக்கு எந்த ஆசனம் என்றும் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் கப்பலோட்டி. அந்த மாநகரின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே தமிழ் வணிகர் கூடி அமர ஒரு மண்டபம் இருந்தது. அன்று அவர்களை யாரும் வந்தேறிகள் என்று விரட்டவில்லை.

பௌத்த அறிவுலகிலும் தமிழகத்திற்குப் பங்குண்டு. புத்தகோசர் 5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கித் தம் உரைகளை எழுதினார். அதற்குமுன் காஞ்சியிலும் வாழ்ந்தவர். புத்ததத்தர் உறையூரார், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலிருந்து நூலியற்றியவர். தேரவாத பௌத்தத்தைச் சிங்கள மக்கள் காத்தனர் என்பது உண்மை. அதன் உரைநூல்களை ஆக்கியோரில் தமிழ்நாட்டாரும் இருந்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

ஜேதவனத் தூபியின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தோம். 3-ஆம் நூற்றாண்டில் மகாசேனன் தொடக்கியது. முழுமையாக நின்ற காலத்தில் ஏறத்தாழ 400 அடி உயரம். ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் அதிலுள்ளன எனக் கணக்கிட்டுள்ளனர். வழிகாட்டி மன்னனின் பெயரைச் சொன்னார். ஒன்பது கோடிச் செங்கல்லையும் மன்னனா அறுத்தான்? மண் குழைத்தவன் எவன், சூளையில் வெந்தவன் எவன், சுமந்தவள் எவள்? அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தமிழ்க் குயவனும் சிங்களக் கொத்தனும் என்று நாம் இன்று பிரித்துப் பேசுகின்ற உழைப்பாளிகள், அந்தச் செங்கற்களுக்குள் பெயரின்றிக் கலந்து கிடக்கின்றனர். ஒரு தூபியைப் பார்த்து, “எங்கள் இனத்தின் பெருமை” என்று சொல்பவர், அதைச் சுமந்த முதுகுகளை மறந்துவிடுகிறார்.

இவ்விடத்தில் நமக்குக் கசப்பான உண்மைகளையும் சொல்லவேண்டும். இல்லையேல் நாமும் அந்த வழிகாட்டியும் ஒன்றே. 993-ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படைகள் அநுராதபுர அரசை வீழ்த்தின. 1017-இல் இராசேந்திரனின் படைகள் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தன. தாதுக் கருப்பங்களை உடைத்துப் பொன் உருவங்களைச் சோழர் வாரிச் சென்றனர் என்று சிங்கள வரலாற்றேடு கண்ணீரோடு எழுதுகிறது. இதை நாம் மறைக்கலாகாது. அதே இராசராசன்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை 1006-இல் தானமாக வழங்கினான். அவ்விகாரையைக் கட்டுவித்தவர் கடாரத்து ஸ்ரீவிஜய மன்னர். கடல் வாணிகத்தில் சோழருக்கு வேண்டியவர்கள். ஒரு கையால் விகாரையைக் கொள்ளையிட்டு, மறுகையால் விகாரைக்கு ஊர் கொடுத்தவனின் சமயம் எது? சைவமா, பௌத்தமா? வாணிகமும் திறையுமே அவன் அரசின் சமயம். மன்னர்கள் செய்த கொள்ளைக்கு இன்றைய தமிழன் பொறுப்பாளியல்லன். அதைப் புகழ்ந்து பாடினால் மட்டுமே பொறுப்பாளியாகிறான்.

மகாவம்சத்தையும் முழுமையாகப் படிக்கவேண்டும். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்றும், பிற்கால மன்னர் அவ்வழியே செல்லும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் அந்நூலே சொல்கிறது. எல்லாளன் நீதி வழுவாதவன் என்று பகைவனின் நூல் எழுதியது. அந்தப் பண்பை இன்று அந்நூலைக் கொடியாகப் பிடிப்போர் ஏன் மறந்தனர்?

பொலன்னறுவையில் தந்த தாது ஆலயத்தருகே ஒரு பெரிய தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. விஜயபாகு 1110-இல் இறந்ததன் பின் எழுந்தது. பௌத்த சங்கத்தார் அழைத்துக் கேட்டுக்கொள்ள, தந்த தாது ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. சிங்கள பௌத்தத்தின் உயிர்நிலையான புனிதச் சின்னத்துக்குக் காவல் தமிழ் பேசும் படை! எங்கள் மாணவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றபோது, அருகில் நின்ற சிங்கள மாணவர் சிலர் வியந்து நோக்கினர். தங்கள் நகரின் நடுவே தமிழ்க் கல் நிற்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை போலும்.

திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அதற்கு விளக்கும் பசுவும் பொருளும் கொடுத்தவர்களின் கொடைகள் தமிழில் வெட்டப்பட்டுள்ளன. தமிழர் பௌத்தராக வாழ்ந்தனர் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அதே 11-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் புத்தமித்திரர் என்னும் தமிழ்ப் பௌத்தர் வீரசோழியம் இயற்றினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாம், அந்த இலக்கண நூலைப் படித்துப் பரீட்சையில் தேறினோம். அதன் ஆசிரியர் எந்தச் சமயத்தவர் என்பதை மட்டும் வாழ்க்கையில் மறந்துவிட்டோம்.

மறந்தது ஏன்? அரசரின் ஆதரவும் நிலமும் கோயில்களின்பால் சென்றன, கடல் வாணிகரின் கை தளர்ந்தது, விகாரைகள் வறண்டன. இதற்கு மேலும் ஒரு காரணம் நம் காலத்தில் உண்டு. பசிப்பிணி தீர்ப்பதே அறம் என்றும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்றும் வாதாடிய மணிமேகலை, சாதியை உயிராகக் கொண்ட சமூகத்துக்கு உவப்பானவளல்லள். யாழ்ப்பாணத்தில் 1950-களிலும் 60-களிலும் சாதிக் கொடுமையால் மனமுடைந்த ஒடுக்கப்பட்ட மக்களிற் சிலர் பௌத்தம் தழுவினர். அவர்களைத் தமிழினத் துரோகிகள் என்று ஏசியவர்கள், 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அதே மக்களைத் தடுத்து நின்றவர்களுக்காக வெட்கப்படவில்லை. கந்தரோடையை மறுப்பவன் சிங்கள இனவாதத்துக்கு மட்டும் அஞ்சுகிறான் என்று நான் எண்ணவில்லை. தன் வீட்டுச் சரித்திரத்துக்கும் அஞ்சுகிறான்.

எனினும், அந்த மாணவனின் அப்புவை நான் குறைகூறமாட்டேன். அவருடைய அச்சம் வீணானதன்று. 1981-இல் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அவர் கண்டவர். 2009-இல் போர் முடிந்தபின் படையினர் வசமிருந்த தையிட்டியில், தனியார் காணியில் விகாரையொன்று எழுப்பப்பட்டது. அக்காணிக்காரர் தங்கள் நிலத்தைக் கேட்டுப் போயா நாட்களில் வீதியோரம் அமர்ந்து போராடி வந்துள்ளனர். புதிதாகக் கட்டிய விகாரையைக் கொண்டு நிலம் பறிக்கப்படும்போது, பழைய விகாரையின் ஓட்டைக் கண்டு உழவன் நடுங்குவதில் வியப்பென்ன? பழமையைத் தேடும் மண்வெட்டியும் காணி அளக்கும் சங்கிலியும் ஒரே கையில் இருக்கும்வரை, தொல்லியல் என்ற சொல் எங்கள் ஊர்களில் ஓர் அச்சுறுத்தலாகவே ஒலிக்கும். ஆகவே இரண்டையும் கேட்கவேண்டியுள்ளது. பறித்த காணி உரியவர்க்குத் திரும்பவேண்டும். கண்டெடுத்த ஓடு மக்கள் அனைவர்க்கும் உரிய அறிவாக வெளிவரவேண்டும். முதலாவது நடவாதவரை இரண்டாவது நடவாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வழிகாட்டியின் வாய்ச்சொல்லிலும் வீட்டுப் பெரியவரின் சினத்திலும் இருந்தே எங்கள் பிள்ளைகள் சரித்திரம் கற்கின்றனர். அவர்களைக் கல்லுக்கு முன்னாற் கொண்டுபோய் நிறுத்துங்கள். நயினாதீவுச் சாசனத்தையும் பொலன்னறுவைக் கல்வெட்டையும் வாசிக்கப் பழக்குங்கள். தெற்கின் ஆசிரியர்களும் தங்கள் பிள்ளைகளைக் கந்தரோடைக்குக் கூட்டிவரும்போது, அதைக் கட்டிய தமிழ் மூதாதையரையும் சொல்லட்டும்.

திரும்பும் வழியில், மாங்குளம் தாண்டியபின், அந்த மாணவனைப் பக்கத்தில் அழைத்து அமர்த்தினேன். அவனுடைய கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: “உங்கட தோட்டத்திலை சட்டி வனைஞ்சவன் உன்ரை மூதாதை. அவன் புத்தரைக் கும்பிட்டிருக்கலாம், நாகத்தைக் கும்பிட்டிருக்கலாம். அநுராதபுரத்திலை அதே சட்டி வனைஞ்சவன் அவையின்ரை மூதாதை. ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சட்டியிலைதான் சோறு காய்ச்சினவை. காணி உங்கட அப்புவின்ரை. ஓடு எல்லாருடையதும்.”

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு அந்தத் துண்டைத் தாளிலிருந்து எடுத்து, முன்னிருக்கையிலிருந்த தோழியிடம் கொடுத்தான். அது கைமாறிக் கைமாறிப் பஸ் முழுவதும் சென்றது. நாற்பது பிள்ளைகளும் அதைத் தொட்டுப் பார்த்தனர். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அது மீண்டும் அவனிடம் வந்தது. அதை அவன் மண்ணுக்குள் புதைக்கவில்லை. எங்கள் வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது.